தங்கையன் மாமா மறைத்தது

தங்கையன் மாமாவின் நடையை எங்கள் தெருப் பிள்ளைகள் நடித்துக் காட்டுவார்கள். நெஞ்சை முன்னே தள்ளி, கொடிக்கம்பு பிடித்தது போல ஒரு கையை உயர்த்திக்கொண்டு நடப்பார்கள். விவசாயத் தொழிலாளர் சங்க ஊர்வலம் என்றால் கொடி அவர் கையில்தான் இருக்கும். நீடாமங்கலம் கடைத்தெருவில் போலீஸ் வேன் குறுக்கே நின்றபோதும் அந்த நடை தளர்ந்ததில்லை. அப்படிப்பட்டவர் எழுபத்திரண்டாம் வருஷம் புரட்டாசியில், குறுவை அறுப்பு முடிந்த கையோடு, காலை அகட்டி அகட்டி வைத்து நடந்தார்.

நான் அப்போது தஞ்சாவூரில் தாலுகா ஆபீசில் எழுத்தர். எங்கள் தெருவில் முதல் பி.எஸ்ஸி. நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. சனிக்கிழமை பஸ் ஏறி ஊருக்கு வந்தால் ஞாயிறு முழுக்க மனு எழுதுவதே வேலை. கழக ஆட்சியில் குடியிருப்பு மனைக்குச் சட்டம் வந்திருந்தது. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த எங்களுக்கெல்லாம் மனைப் பட்டா கிடைக்கும் என்று சங்கத்தில் நம்பிக்கையோடு இருந்தார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். காத்தான் அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தங்கையா, முட்ட கிட்ட வச்சிருக்கியா? ஒடஞ்சிரப் போவுதுன்னு நடக்குற."

"தொட ஒராஞ்சிருச்சுடா, போடா."

"ஒனக்குத் தொட எங்கடா இருக்கு ஒராய? ரெண்டு மூங்கிலு."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "மாப்ள, எழுதுனது போதும். மோட்டார் கொட்டக வரைக்கும் வந்துட்டுப் போ" என்றார்.

அவர் என் அக்கா வேம்புவின் புருஷன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அப்பன் பண்ணையாள். எட்டு வயதில் பண்ணை மாட்டை மேய்க்கப் போனவர். பள்ளிக்கூடம் கிடையாது. சங்கத்துக்கு வரும் பத்திரிகையை எழுத்துக் கூட்டிக் கூட்டித் தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டவர். வெளியூர் ஆள் வைத்து அறுக்க மிராசுதார் லாரி கொண்டுவந்தபோது வரப்பில் குறுக்கே படுத்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டார். பினாமி பெயரில் பதுக்கியிருந்த நிலத்தில் எழுபதாம் வருஷம் கொடி நட்டு, திருச்சி ஜெயிலில் நாற்பது நாள் இருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கும்பகோணம் காலேஜ் விடுதியில் அவரைப் பற்றி நான் பேசாத நாள் கிடையாது.

மோட்டார் கொட்டகையில் ஆள் இல்லை. உள்ளே போனதும் கேட்டார்.

"நீ என்னா படிச்ச? ஒடம்பப் பத்திதானே?"

"விலங்கியல் மாமா. தவளை, கரப்பான் பூச்சி."

"மனுசன் கெடையாதா அதுல?"

"கொஞ்சம் உண்டு."

"அது போதும்" என்று வேட்டியை விலக்கினார்.

அடிவயிற்றில் முடி வளரும் இடத்திலும், குறியின் அடியிலும், தொடை இடுக்கிலும் முத்து முத்தாக இருந்தன. வெந்த ஜவ்வரிசி அளவு. பதினைந்து இருபது இருக்கும். சிலவற்றின் நடுவில் ஊசியால் குத்தியது போல் சின்னக் குழி. அதோடு விட்டிருந்தால் பார்க்கச் சகித்திருக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து அவற்றின் மேல் அப்பியிருக்கிறார், மருவைப் பொசுக்குவது போல. தோல் வெந்து, சீழ் கட்டி, வேட்டி ஒட்டிக் காய்ந்து, அதை உரித்த இடத்தில் மறுபடி புண்ணாகி இருந்தது. மூன்று நாள் தண்ணீரில் கிடந்த வைக்கோலின் வாடை அடித்தது. நான் வெளியே வந்து வாய்க்காலில் துப்பிவிட்டுத் திரும்பினேன்.

"கொமட்டுதா?"

"ஆமா மாமா."

"எனக்குந்தான்."

"எப்பலேருந்து இருக்கு?"

"சித்திரையில ரெண்டு மூணு இருந்துச்சு. வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. சூடுன்னு நெனச்சு நல்லெண்ண தேச்சு முழுவுனேன். ஆடியில பத்தாச்சு. கருவ முள்ளால ஒண்ணக் குத்திப் பாத்தேன், தயிராட்டம் வெள்ளையா வந்துச்சு. அதுக்கப்புறம் பக்கத்துல பக்கத்துல பூத்துருச்சு. சுண்ணாம்பு வச்சேன்."

"ஆறு மாசமா ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"இங்க கம்பவுண்டரு யாரு? வைத்தியலிங்கத்துக்கு மச்சினன். காலையில போயி காட்டுனா சாயங்காலத்துக்குள்ள, கொடி புடிக்கிறவனுக்குப் பொம்பளச் சீக்குன்னு செவுத்துல கரியால எழுதிப்புடுவான்."

வைத்தியலிங்கம் என்பவர் மிராசுதாரின் காரியக்காரர். கூலிப் பேச்சுவார்த்தையில் எங்களுக்கு எதிரே உட்காரும் ஆள். அவர் எழுதக்கூடியவர்தான். அந்தக் காரணத்தை நான் ஏற்றுக்கொண்டேன். பிறகுதான் ஒன்று உறைத்தது.

"பொம்பளச் சீக்குன்னு ஏன் மாமா நெனைக்கணும்? அப்புடி நெனைக்கிற மாதிரி என்னா நடந்துச்சு?"

அவர் மோட்டாரின் மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார். திருச்சியில் ஜெயிலிலிருந்து விட்ட அன்று, உடன் விடுதலையான இன்னொருவன் கூப்பிட்டானாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடாம்.

"ஒரு தடவதான் மாப்ள."

"ஒரு தடவைக்கும் வரும்."

"அதான் தெரியும்ல எனக்கு. அப்ப ஒங்கக்காவுக்கு அஞ்சு மாசம். காத்திகையில எட்டாம் மாசத்துல புள்ள செத்துப் பொறந்துச்சு. நாந்தான் கொண்டாந்து குடுத்துட்டேன். இப்ப மறுபடி அஞ்சு மாசம். அதுவும் போயிருமா? நீ படிச்சவன், பாத்துச் சொல்லு."

இதைக் கேட்டபோது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. அந்தக் குழந்தை செத்துப் பிறந்த பிறகு அக்காவை இந்த ஆளின் அம்மா காத்தாயி என்ன பாடு படுத்தினாள் என்பது தெருவுக்கே தெரியும். கரு தங்காத வயிறு என்பதுதான் அக்காவின் பெயராகவே இருந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு அக்கா போகக் கூடாது. தனித் தட்டு. பூசாரியைக் கூப்பிட்டு வேப்பங்குழையால் முதுகில் அடிக்கவைத்தாள். அடித்த அன்று நான் அங்கே இருந்தேன். மாமாவும் இருந்தார். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். குற்றம் தன்னுடையது என்று அவர் மனதுக்குள் முடிவு கட்டி வைத்திருந்தார் என்பதும், வைத்துக்கொண்டே கடலை உரித்தார் என்பதும் எனக்கு அந்த மோட்டார் கொட்டகையில்தான் தெரிந்தது. சீழ் வாடையை வாய்க்காலில் துப்ப முடிந்தது. இதை எங்கே துப்புவது என்று தெரியவில்லை.

"எனக்குப் பாத்துச் சொல்லத் தெரியாது" என்றேன். "புதன்கிழமை தஞ்சாவூருக்கு வாங்க."

"வேம்புகிட்ட..."

"நீங்களே சொல்லிக்குங்க."

புதன்கிழமை வந்தார். மழை இல்லை, வெயிலும் இல்லை, தலையில் துண்டைப் போட்டு முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் பெயர் கேட்டார்கள்.

"வைத்தியலிங்கம்" என்றார் மாமா.

நான் திரும்பிப் பார்த்தேன். "கெடக்கட்டும். அவன் பேரு ஏறட்டுமே சீக்கு ரிஜிஸ்தர்ல" என்று என் காதில் சொன்னார். அந்த ஒரு நிமிஷம் பழைய தங்கையன் மாமாதான்.

தோல், மேக நோய்ப் பிரிவு என்று பலகை போட்டிருந்த அறைக்கு வெளியே ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியக் கூடாதாம். வேட்டி, கால்சட்டை, மைனர் செயின் எல்லாம் சுவரைப் பார்த்தே நின்றன. ஒருவன் மட்டும் என்னைப் பார்த்து, "தம்பி சின்ன வயசு, பாவம்" என்றான். நான் கூட வந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமாவைவிட்டு ரெண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன்.

டாக்டர் அப்துல் ஹமீதுக்கு ஐம்பது வயது இருக்கும். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வைத்திருந்தார். முகம் சுளிக்காமல் பார்த்தார். அவர் சுளிக்காதது எனக்கு வெட்கமாக இருந்தது.

"சுண்ணாம்பு வச்சது யாரு?"

"நாந்தாங்க."

"வீட்டுக்கு அடிச்சது போக மிச்சமா? இந்தப் புண்ணு நீயா பண்ணிக்கிட்டது. சீக்கு இது இல்ல. சீக்கு இந்தா, குழி விழுந்து பளபளன்னு இருக்கு பாரு, இது. பாலுண்ணி மாதிரி ஒண்ணு. தோலுலேருந்து தோலுக்கு ஒட்டும். உள்ள இருக்குற வெள்ளையிலதான் கிருமி. நீ குத்திக் குத்திப் பக்கத்துல நட்டு வச்சிருக்க, நாத்து மாதிரி. நோண்டாம விட்டா சில மாசத்துல தானே உதுந்துரும்."

மாமா நம்பவில்லை. "பொம்பளச் சீக்கு இல்லீங்களா?"

"வெளிய போனதுண்டா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ரெண்டு வருஷம் முன்னாடி. ஒரு தடவ."

"அப்ப ரத்தம் பாத்துரணும். கண்ணால பாத்தா தெரியறது பாதிதான். பெரிய சீக்கு ஒண்ணு இருக்கு. முதல்ல வலிக்காத ஒரு புண்ணு வரும், தானா ஆறிரும், ஆளு சரியாப்போச்சுன்னு திரிவான். ரத்தத்துல உக்காந்திருக்கும். மறுவாரமே வந்திருந்தீன்னா அப்ப ஒரு தடவையும் மூணு மாசம் கழிச்சு ஒரு தடவையும் பாத்திருப்போம். ரெண்டு வருஷம் ஆயிட்டதால இப்ப ஒரு தடவ பாத்தாலே தெரிஞ்சிரும். சம்சாரம்?"

"அஞ்சு மாசமா இருக்குதுங்க. மொத புள்ள செத்துப் பொறந்துச்சு."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லணும்ல. ரிசல்ட் வர பத்துப் பதினைஞ்சு நாளு ஆவும், அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். வர்ற புதன் அவங்களக் கூட்டியா. இருந்துச்சுன்னா ஊசி போட்டுச் சரி பண்ணலாம், வயித்துல உள்ளதையும் காப்பாத்தலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இந்தக் கட்டிங்க உதுர்ற வரைக்கும் நீ தனியாப் படு. ஒன் துண்டு, வேட்டிய அவங்க எடுக்கக் கூடாது. அங்க கத்தி வைக்காத."

கத்தி என்றதும் அவருக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "சவரம் யாரு பண்ணுறா ஒனக்கு?"

"நாங்களேதாங்க. தெருவுக்கு ஒரு கத்தி இருக்கு. ஒருத்தருக்கு ஒருத்தரு போட்டுக்குவோம்."

"மூஞ்சிக்கும் கீழையும் அதேயா?"

"வேற எது? நல்ல நாளு பொழுதுக்கு முன்னாடி எல்லாருக்கும் அதான்."

"அந்தக் கத்தி போட்ட வேற யாருக்காவது இப்படி இருக்கா?"

மாமா யோசித்தார். எங்கள் தெரு மருதையன் மகன் தாடையில் பரு என்று சொல்லிக்கொண்டு திரிகிறான், ஆறு மாதமாகப் போகவில்லை. காத்தான் அண்ணன் ரொம்ப நாளாக இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறார். நாங்கள் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கத்தியாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா கத்தி மேலதான் எனக்குச் சந்தேகம். ஏன், ஊருல சவரக் கடை இல்லியா?"

இருக்கிறது. பிள்ளையார் கோயில் தெருவில் ரெண்டு நாற்காலி போட்ட கடை. எங்களை அந்த நாற்காலியில் உட்காரவிட மாட்டார்கள். உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு அருவருப்பாம். சுயமரியாதை பேசி ஆட்சியைப் பிடித்தவர்களின் கொடி அந்தக் கடை வாசலிலேயே பறந்தது. நான் கும்பகோணம் போன பிறகு நாலைந்து வருஷமாக டவுன் சலூனில் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து வெட்டிக்கொண்டு வந்தவன். என் தெரு ஆண்கள் ஒரே கத்தியை ஒரே தொட்டித் தண்ணீரில் அலம்பி அலம்பிக் கன்னத்துக்கும் அடிவயிற்றுக்கும் போட்டுக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். படித்தவன் என்று மனு எழுதித் தள்ளினேன். நாற்காலிக்கு ஒரு மனு எழுதவில்லை. மாமாவின் அப்பனைக் கட்டி வைத்துச் சாணிப்பால் குடிக்கவைத்த பண்ணைக்கு அருவருப்பு இல்லை. எங்கள் தாடையைத் தொடத்தான் ஊருக்கு அருவருப்பு. ஆஸ்பத்திரி வாசலில் மாமா டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

அந்த வாரம் சங்கக் கூட்டத்தில் மாமா எழுந்து, இனிமேல் ஆளுக்கு ஒரு பிளேடு, பொதுக் கத்தி கிடையாது என்றார்.

"ஏன், மிராசுதார் ஆயிட்டியா? தனிக் கத்தி கேக்குது" என்றார் காத்தான் அண்ணன்.

"கீழ கட்டி கட்டியா வந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்டா. கத்தியால ஒட்டும்னு டாக்டர் சொன்னாரு. ஒனக்கும் இருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லு."

அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும், நான் மறுக்கவில்லை. திருச்சியை மட்டும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் காத்தான் அண்ணன் என் பின்னாலேயே வந்து, "தம்பி, அந்த டாக்டர் என்னென்னிக்கு இருப்பாரு?" என்று கேட்டார். அவருக்குப் பிறகு இன்னும் ரெண்டு பேர் கேட்டார்கள்.

அடுத்த புதன் மாமா அக்காவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். அக்கா தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"சொன்னீங்களா மாமா?"

"புள்ளைக்குச் சத்து ஊசின்னு சொல்லியிருக்கேன். ரத்தம் எடுக்கற வரைக்கும் நீ கம்முன்னு இரு. ஒன்னையக் கேட்டா ஆமான்னு சொல்லு, ஒன் பேச்ச நம்பும்."

அக்கா என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் அக்காவுக்கு அடுத்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பூண்டிப் பக்கத்து ஊர். கழுத்தில் ஜெபமாலை. விண்ணரசி என்று சீட்டுக்காரர் கூப்பிட்டுப் பெயர் சரிபார்த்ததால் பெயர் எனக்குத் தெரிந்தது. அக்கா அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"இங்கதானே அக்கா புள்ளைக்குச் சத்து ஊசி போடுவாங்க?"

"யாரு சொன்னா?"

"எங்க வூட்டுக்காரு."

"எங்க வூட்டுக்காரரும் எனக்கு அப்புடித்தான் சொன்னாரு, எட்டு வருஷம் முன்னாடி" என்றார் அந்த அம்மா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "இது ஆம்பளைங்க வெளிய போயி வாங்கியார்ற சீக்குக்குப் பாக்குற எடம்மா. ஒனக்கு எத்தன மாசம்?"

"அஞ்சு."

"நேரத்தோட வந்துட்ட. எனக்கு ரெண்டு புள்ள போனதுக்கு அப்புறந்தான் கூட்டியாந்தாரு. ஊசி போட்டப்புறம் ஒரு பய பொறந்து நல்லா இருக்கான், ரெண்டாவது படிக்கிறான்."

அக்கா திரும்பி எங்களைப் பார்த்தாள். முதலில் மாமாவை, அப்புறம் என்னை. என்னைத்தான் அதிக நேரம் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். உள்ளே பெயர் கூப்பிட்டதும் எழுந்தாள். ரவிக்கைக் கையைத் தானே மேலே சுருட்டிக்கொண்டு, "எந்தக் கையில எடுப்பீங்க?" என்று நர்சைக் கேட்டது எனக்கு வெளியே கேட்டது.

பஸ் ஸ்டாண்டில் மாமா முறுக்கு வாங்கி நீட்டினார். அக்கா வாங்கவில்லை. அவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் ரெண்டு வாரம் அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை என்று எங்கள் அம்மா சொன்னாள். சமைத்துப் போட்டாளாம். வயிற்றில் அசைவு இருக்கிறதா என்று கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொள்வாளாம். மாமா இளைத்துப் போனார். காவலுக்குப் போகிறவர் போலக் களத்திலேயே கிடந்தார்.

ரிசல்ட் வாங்க மூன்று பேரும் போனோம். டாக்டர் ரெண்டு தாளையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் இல்ல."

மாமா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அக்கா உட்காரவில்லை.

"அப்ப, போன புள்ள?"

"அது எதனாலன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ரத்தக் கொதிப்பா இருந்திருக்கலாம், கொடி சுத்தியிருக்கலாம், காரணமே தெரியாமலும் போவும். இந்தச் சீக்கால இல்ல. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல. இந்தத் தடவ மாசா மாசம் வந்து காட்டுங்க."

"நான் செஞ்சதால இல்லன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதலாம். யாருக்குக் காட்டணும்?"

"வேணாங்க" என்றாள். கீழே உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, "இது வாயால சொல்லட்டும்" என்றாள்.

வீட்டுக்குப் போனபோது மத்தியானம். காத்தாயி வாசலில் முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. மாமா ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவர். ரெண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"ஆத்தா, போன புள்ள செத்தது வேம்புவால இல்ல. டாக்டர் சொல்லிட்டாரு."

"பின்ன யாரால?"

"நான், ஜெயில்லேருந்து வந்தப்ப, ஒரு எடத்துக்குப் போயிட்டு வந்தேன். அதனாலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷமா. அதனாலயும் இல்லன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு."

முறம் நிற்கவில்லை. நொய் மேலே போய்க் கீழே விழுந்துகொண்டே இருந்தது. "ஆம்பள போவத்தான் செய்வான்" என்றாள் காத்தாயி. "இதுக்குப் போயி தஞ்சாவூரு வரைக்கும் ரத்தம் குடுக்கப் போனீங்களாக்கும்."

அக்கா உள்ளே போனாள். ரெண்டு சேலை, ஒரு பாய், தன் தனித் தட்டு. எடுத்துக்கொண்டு நாலு வீடு நடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்.

"வேம்பு, அதான் ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல."

"ரத்தத்துல இல்லன்னு ஆஸ்பத்திரிக்காரரு சொன்னாரு. பூசாரி என்னைய அடிச்சப்ப நீ என்னா சொன்ன?"

அக்கா அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் என் பக்கம் திரும்பினாள். "நீயும் வாய மூடிக்கிட்டுதானடா நின்ன, பி.எஸ்ஸி." ஞாயிறு வரை எனக்குச் சோறு போட்டது அம்மாதான்.

மாமாவின் கட்டிகள் மார்கழிக்குள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சுண்ணாம்பு வைத்த இடம் மட்டும் வெள்ளைத் தழும்பாக நிற்கிறது என்றார். தை அறுப்பில் கூலி அரைப்படி கூடியது. ஊர்வலத்தில் அவர்தான் கொடி பிடித்தார், நடை பழைய நடைதான். பிள்ளைகள் மறுபடி நடித்துக் காட்டினார்கள். நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். சவரக் கடை நாற்காலிக்கு அதற்கப்புறம் நான் எழுதிய மனுவுக்கு ஒரு வருஷமாகியும் பதில் இல்லை.

மாசி கடைசியில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. பிறந்ததும் வீறிட்டு அழுத சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்டது. மாமா ஓடி வந்தார். அக்கா குழந்தையைக் கொடுக்கச் சொன்னாள். "தலையத் தாங்கிப் புடிக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். சித்திரை முழுக்க அப்படித்தான் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றி முடித்தும் துவட்டவில்லை. கழுத்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். கை இடுக்கைப் பார்த்தாள். தொடை இடுக்கை விரலால் நீவி நீவி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஒரு வேர்க்குரு இருந்தது. அதையே தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை குளிரில் நடுங்கியது.

"அதான் டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரே அக்கா. வேர்க்குரு அது."

"டாக்டர் சொன்னாரு. சொல்ல வேண்டிய ஆளு ரெண்டு வருஷம் சொல்லாமதான இருந்துச்சு" என்றாள். "அந்தத் துண்ட எடு. அது வேணாம், அது அவரு துண்டோட ஒரே துணிக்கொடியில கெடந்துது. உள்ள வேற இருக்கு பாரு."

நான் உள்ளே போய் வேறு துண்டு எடுத்து வந்து கொடுத்தேன்.